பதினோரு மணி தத்காலும் உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும்!

தீபாவளிக்கு ஊருக்குப் போற கூட்டமா நீங்க? அப்படின்னா இந்த சீன் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். பத்தே முக்காலுக்கே லாகின் பண்ணி, பேர், வயசு, பெர்த் எல்லாம் ரெடியா வெச்சுக்கிட்டு, சேலையூர் ஹாஸ்டல் மொட்டை மாடில சிக்னல் கிடைக்கிற மூலையாப் பார்த்து நிப்பீங்க. சரியா 11.00. ஸ்லீப்பர் தத்கால் திறக்குது. ‘அவைலபிள் 84’ன்னு பச்சை கலர்ல மின்னுது. அமுக்குறீங்க. சுத்துது... சுத்துது... ஓ.டி.பி. வருது, அடிக்கிறீங்க. அக்கவுன்ட்லேர்ந்து காசு போயிடுச்சு. டிக்கெட்? ‘வெயிட்டிங் லிஸ்ட் 19’!

“சர்வர் சரியில்ல மச்சி”ன்னு திட்டிட்டு கோயம்பேட்டுக்கோ கிளாம்பாக்கத்துக்கோ பஸ் பிடிக்க ஓடிடுவோம். ஆனா அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள அங்கே நடக்குற கூத்து இருக்கே... அது அப்படியே நம்ம நாலாவது செமஸ்டர் டி.பி.எம்.எஸ். பேப்பர்! லாக்கிங், டிரான்ஸாக்ஷன், இண்டெக்ஸ், கேச்சிங்னு யூனிட் யூனிட்டா படிச்சிட்டு பரீட்சை ஹால்லயே விட்டுட்டு வந்தோமே, அதெல்லாம்தான். அரியர் வெச்சவங்களும் பயப்படாம உள்ள வாங்க. இன்னைக்கு ரயில் டிக்கெட்டை வெச்சே டேட்டாபேஸை ஓட விடுறதைப் பார்த்துடலாம்.

லெட்ஜர் காலத்து லாக்

கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி ரிசர்வேஷன்னா பெரிய பெரிய ரெஜிஸ்டர்தான். இந்த வண்டிக்கு இந்த தேதிக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தைக் கையில வெச்சிருக்கிற கிளார்க் மட்டும்தான் அதுல பேர் எழுத முடியும். யோசிச்சுப் பாருங்க, இதுதான் உலகத்துலயே சிம்பிளான ‘லாக்’! ஒரு சீட்டை ரெண்டு பேருக்குக் கொடுக்கவே முடியாது. ஏன்னா ரெஜிஸ்டர் ஒண்ணுதான். அதுக்கு விலை? க்யூ. பாண்டியனுக்கு ஒரு கவுன்ட்டர், நெல்லைக்கு ஒரு கவுன்ட்டர்னு நின்னு கால் வலிச்ச கதையை உங்க அப்பாவைக் கேளுங்க, ஒரு மணி நேரம் சொல்வார்.

டெல்லியில 1985-86ல கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் வந்தது. சி.எம்.சி. நிறுவனம் எழுதின ‘இம்ப்ரெஸ்’ங்கிற மென்பொருள், ஓடினது வேக்ஸ் மெஷின்ல. அப்புறம் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத்னு பரவுச்சு. நம்ம ஊர்ல சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் இருக்கே, அங்கேதான் ரிசர்வேஷன் மையம். (பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர் போன மூர் மார்க்கெட் 1985ல தீப்பிடிச்சு எரிஞ்சுபோன அதே இடம். புத்தகம் போய் கம்ப்யூட்டர் வந்த கதை!)

ஆனா இந்த அஞ்சு ஊரும் அஞ்சு தீவு. தாம்பரத்துல நின்னுக்கிட்டு ஹவுராலேர்ந்து கிளம்புற வண்டிக்கு டிக்கெட் எடுக்கணும்னா பாடுதான். ரயில்வேயோட கம்ப்யூட்டர் அமைப்பான ‘கிரிஸ்’ இதுக்காக எழுதினது ‘கான்சர்ட்’. 1999ல அஞ்சு மையமும் ஒண்ணா இணைஞ்சது. இதுல ஒரு அழகு இருக்கு. எல்லா வண்டியோட டேட்டாவையும் ஒரே இடத்துல கொட்டல. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சொந்த ஊர். அந்த வண்டியோட சீட்டுக் கணக்கு அந்த ஊர் சர்வர்ல மட்டும். நீங்க எந்த கவுன்ட்டர்ல கேட்டாலும் நடுவுல ஒரு மென்பொருள் உங்க கோரிக்கையைச் சரியான ஊருக்குத் திருப்பி விடும். இன்னைக்கு இன்டர்வியூல ‘ஷார்டிங்’னு ஸ்டைலா கேக்குறாங்களே, அதோட தாத்தா இதுதான். 1999லயே கவர்மென்ட் ஆபீஸ்ல ஓடிச்சு பாஸ்!

ஐ.ஆர்.சி.டி.சி. ஆன்லைன்ல வந்தது 2002 ஆகஸ்ட்ல. ஆரம்பத்துல நெட்ல புக் பண்ணா டிக்கெட் கூரியர்ல வீட்டுக்கு வரும். சிரிக்காதீங்க, அப்போ அதுவே பெரிய விஷயம்.

ஒரு சீட்டு, ரெண்டு பேரு

சரி, மேட்டருக்கு வருவோம். கடைசி ஒரு சீட்டு பாக்கி. பெருங்களத்தூர்லேர்ந்து ஒருத்தர், பல்லாவரத்துலேர்ந்து ஒருத்தர், ஒரே நொடியில அமுக்குறாங்க. நம்ம பசங்க காலேஜ் ப்ராஜெக்ட்ல இதை எப்படி எழுதுவாங்க? முதல்ல ஒரு செலக்ட். சீட் இருக்கான்னு பார்க்கும். இருந்தா ஒரு அப்டேட், ஒண்ணைக் குறைக்கும். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பேரோட செலக்ட்டும் முதல்ல ஓடிடுச்சுன்னா? ரெண்டு பேருக்கும் ‘1 இருக்கு’ன்னுதான் பதில் வரும். ரெண்டு அப்டேட்டும் ஓடும். ஒரே பெர்த்ல ரெண்டு குடும்பம்!

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் சிம்போசியத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் சைட் பண்ணான். பேப்பர் பிரசன்டேஷனுக்கு 30 இடம். கடைசியில 34 டீம் வந்து நின்னுச்சு. நாலு டீமும் வெளியூர். பாவம், அவங்களைத் திருப்பி அனுப்ப மனசு வராம மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைக் கட் பண்ணி ஓட்டினாங்க.

மருந்து ரொம்ப சின்னது. பார்க்குறதையும் குறைக்குறதையும் ஒரே வரியில பண்ணுங்க. ‘அப்டேட் சீட்ஸ் செட் மீதி = மீதி - 1 வேர் வண்டி = 12637 அண்ட் மீதி > 0’. அப்புறம் ‘எத்தனை ரோ மாறுச்சு?’ன்னு டேட்டாபேஸைக் கேளுங்க. 1ன்னா சீட் உங்களுக்கு. 0ன்னா ஹவுஸ்ஃபுல். டேட்டாபேஸ் அந்த ரோவை ஒரு நேரத்துல ஒருத்தருக்கு மட்டும்தான் மாத்த விடும்; ரெண்டாவது ஆள் க்யூல நிப்பார், அவர் முறை வரும்போது மீதி 0 ஆகியிருக்கும். சில இடத்துல முதல்ல படிச்சு, கொஞ்சம் கணக்குப் போட்டு, அப்புறம்தான் மாத்தணும்னு வரும். அங்கே ‘செலக்ட் ஃபார் அப்டேட்’னு எழுதினா படிக்கும்போதே லாக் விழுந்துடும். ஆறு பேர் ஒரே பி.என்.ஆர்.ல போறீங்க, அஞ்சு சீட்தான் இருக்கு, ஆறும் கிடைச்சாத்தான் வேணும்ங்கிறீங்க... அதுக்குத்தான் டிரான்ஸாக்ஷன். ஆறும் நடக்கணும், இல்லைன்னா ரோல்பேக். புக்கிங் பக்கத்துல ‘கன்ஃபர்ம் பெர்த் கிடைத்தால் மட்டும்’னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கே, அதை இப்படித்தான் புரிஞ்சுக்கணும்.

இப்போ முதல்ல சொன்ன அந்த ‘காசு போச்சு, டிக்கெட் இல்ல’ மர்மம். சினிமா டிக்கெட் ஆப்ல நீங்க சீட்டைத் தொட்டதும் சில நிமிஷத்துக்கு அது உங்களுக்குன்னு பிடிச்சு வெக்கும். ரயில்ல அப்படி இல்ல. காசு முதல்ல, சீட்டு அப்புறம். பேங்க்லேர்ந்து ‘பணம் வந்தாச்சு’ன்னு தகவல் வந்த பிறகுதான் சீட்டுக்கான முயற்சியே நடக்குது. நீங்க ஓ.டி.பி. தேடிக்கிட்டிருந்த 25 நொடியில 84 சீட்டும் பறந்துடும். கடுப்பா இருக்கும்தான். ஆனா டேட்டாபேஸ் பார்க்குறவரோட நாற்காலியில உக்காந்து பாருங்க. ஓ.டி.பி. வர்ற வரைக்கும் சீட்டை லாக் பண்ணி வெச்சா என்ன ஆகும்? காசே கட்டாத ஆயிரம் பேர், அதுல பாதி மெஷின், எல்லா சீட்டையும் பிடிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கும். நிஜமா காசு கட்டுறவனுக்கு ‘சீட் இல்ல’ன்னு காட்டும். என்னைக் கேட்டா ரயில்வே எடுத்த முடிவு சரிதான். ரீஃபண்ட் சீக்கிரம் வந்தா இன்னும் சரி!

உங்க ப்ராஜெக்ட்டுக்கும் இதே சட்டம்: லாக்கை வெச்சுக்கிட்டு மனுஷனுக்காகக் காத்திருக்காதீங்க. டிரான்ஸாக்ஷனைத் திறந்து வெச்சுட்டு, ஓ.டி.பி.க்கோ மெயில் அனுப்பறதுக்கோ வெளியூர் சர்வர் பதிலுக்கோ நிக்கக் கூடாது. உள்ள போனோமா, மாத்துனோமா, கமிட் அடிச்சோமான்னு வெளியில வந்துடணும்.

பார்க்குறவங்க பத்து, வாங்குறவன் ஒருத்தன்

2014க்கு முன்னாடி ஐ.ஆர்.சி.டி.சி.யோட கொள்ளளவு நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட். 2014ல புது சிஸ்டம் வந்தது, அதோட கணக்கு நிமிஷத்துக்கு 7,200. அதுல பெரிய மாற்றம், அடிக்கடி தேவைப்படற டேட்டாவை டிஸ்க்லேர்ந்து எடுக்காம மெமரியிலயே வெச்சிருக்கிற ‘ஜெம்ஃபயர்’ங்கிற மென்பொருள். 2025 மே 22 அன்னைக்கு காலை 10.00லிருந்து 10.01க்குள்ள 31,814 டிக்கெட். ஒரே நிமிஷத்துல! அதுவரைக்கும் அதுதான் ரெக்கார்டு.

இன்னொரு நம்பரைக் கவனிங்க. 2025ல ரயில்வே சொன்னபடி, அப்போ இருந்த சிஸ்டம் நிமிஷத்துக்கு சுமார் 32,000 டிக்கெட் போடும். ‘சீட் இருக்கா’ங்கிற விசாரணை நிமிஷத்துக்கு 4 லட்சம் தாங்கும். புது சிஸ்டத்துக்கு வெச்ச இலக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட், 40 லட்சம் விசாரணை. அதாவது ஒரு டிக்கெட்டுக்குப் பத்து, இருபது விசாரணைக்கு மேல ரெடியா இருக்கணும். தி.நகர் ஜவுளிக்கடை மாதிரிதான்... எடுத்துப் பார்க்குறவங்கதான் அதிகம், பில் போடுறவங்க கம்மி. பார்க்குறவங்களுக்கு ஒரு நொடி பழைய கணக்கைக் காட்டினா குடி முழுகாது. அதனால அது கேச். வாங்குறவனுக்கு மட்டும் நிஜமான கணக்கு, அசல் டேட்டாபேஸ். இந்தப் பிரிவினையைப் புரிஞ்சுக்கிட்டா பாதி டியூனிங் முடிஞ்சுது. அந்த ‘84’ பச்சை நம்பரை இனிமே ரொம்ப நம்பாதீங்கன்னும் அர்த்தம்.

சர்வர் பெருசாக்கிட்டே போனா போதுமா? அதுவும் இல்ல. தத்கால் திறந்த முதல் அஞ்சு நிமிஷத்துல லாகின் முயற்சிகள்ல 50 சதவிகிதம் வரைக்கும் தானியங்கி ‘பாட்’கள்னு 2025 ஜூன்ல ரயில்வே சொல்லுச்சு. இரண்டரைக் கோடி யூஸர் ஐ.டி.யை முடக்கினாங்க. 2025 ஜூலைலேர்ந்து ஆதார் சரிபார்த்த கணக்குக்குத்தான் ஆன்லைன் தத்கால். ஏஜென்ட்டுகளுக்கு முதல் அரை மணி நேரம் கதவு சாத்தல். வேண்டாத வேலையை டேட்டாபேஸ் வரைக்கும் வர விடாம வாசல்லயே நிறுத்துறதும் டியூனிங்தான். பாடப் புத்தகத்துல இந்த சாப்டர் இல்ல!

‘பாக்கம்’னு முடியற ஊர் எத்தனை?

இப்போ நம்ம லேப்டாப்புக்கு வருவோம். லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்டல் மேனேஜ்மென்ட், ப்ளட் டொனேஷன்... வருஷா வருஷம் இதே ப்ராஜெக்ட்தான், தப்பில்ல. டேபிள்ல 12 ரோ இருக்கும்போது எல்லாமே பறக்கும். அதுதான் வில்லன். டெமோ நாள்ல எக்ஸ்டர்னல் “10 லட்சம் ரெக்கார்டு இருந்தா?”ன்னு கேட்டா முழி பிதுங்கும். அதனால முதல் வேலை, டேபிள்ல 10 லட்சம் டம்மி ரோவைக் கொட்டுங்க. போஸ்ட்கிரெஸ்ல ‘ஜெனரேட் சீரீஸ்’னு ஒரு ஃபங்ஷன், ஒரே வரியில முடிஞ்சுடும். அப்புறம் உங்க குவெரியை ஓட விட்டுப் பாருங்க. எது நொண்டுதுன்னு அதுவே காட்டிக் கொடுக்கும்.

நொண்டுற குவெரிக்கு முன்னாடி ‘எக்ஸ்ப்ளெய்ன்’னு ஒரு வார்த்தை சேர்த்து ஓட்டுங்க. டேட்டாபேஸ் தன்னோட திட்டத்தை ஒப்பிக்கும். மைஎஸ்க்யூஎல்ல ‘டைப்’ங்கிற காலத்துல ‘ஆல்’னு வந்தாலோ, போஸ்ட்கிரெஸ்ல ‘செக் ஸ்கேன்’னு வந்தாலோ, முழு டேபிளையும் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் புரட்டுதுன்னு அர்த்தம். சின்ன டேபிளுக்கு அது பரவாயில்ல. 10 லட்சத்துல ஒரே ஒரு ஆளைத் தேடறப்போ அப்படி வந்தா இண்டெக்ஸ் இல்ல, அல்லது இருந்தும் உபயோகப்படல.

இண்டெக்ஸ்னா என்ன? அகர வரிசை, அவ்வளவுதான். நம்ம ஏரியா ஊர்ப் பேரெல்லாம் அகர வரிசையில ஒரு லிஸ்ட் இருக்குன்னு வைங்க. ‘பெரு’ன்னு ஆரம்பிக்கிற ஊர் எங்கேன்னா டக்குனு பெருங்களத்தூர், பெரும்பாக்கம்னு கை வெச்சுடலாம். ‘பாக்கம்’னு முடியற ஊரெல்லாம் எடுன்னா? ஊரப்பாக்கம், கிளாம்பாக்கம், மாடம்பாக்கம், கேளம்பாக்கம், துரைப்பாக்கம்... லிஸ்ட் மொத்தத்தையும் படிச்சாகணும். அகர வரிசை இருந்தும் பிரயோஜனம் இல்ல. ‘லைக்’ போட்டு முன்னாடி பர்சென்ட் குறி வெச்சா இதேதான் நடக்குது. ரொம்ப அவசியம்னா பேரைத் தலைகீழா எழுதின இன்னொரு காலம் வெச்சு அதுக்கு இண்டெக்ஸ் போடலாம்; போஸ்ட்கிரெஸ்ல ‘ட்ரைகிராம்’னு ஒரு எக்ஸ்டென்ஷனும் இருக்கு.

ரெண்டு மூணு காலம் சேர்த்து இண்டெக்ஸ் போடும்போது வரிசை முக்கியம். ‘வண்டி எண், தேதி, வகுப்பு’ன்னு போட்டா, வண்டி எண் மட்டும் கேட்டாலும் வேலை செய்யும், வண்டி எண்ணும் தேதியும் கேட்டாலும் வேலை செய்யும். தேதி மட்டும் கேட்டா பெரும்பாலும் கையை விரிச்சுடும். இடது பக்கத்துலேர்ந்துதான் வரணும். இன்டர்வியூல இதைக் கேக்காத கம்பெனி கம்மி.

இது எப்படி இவ்வளவு வேகம்? உள்ள இருக்கிறது பி-ட்ரீ. 1970களோட தொடக்கத்துல போயிங் கம்பெனியில இருந்த பேயரும் மெக்ரைட்டும் உருவாக்கினது. ஒரு பக்கத்துல 200 கீ இருக்குன்னு வைங்க. 200 பெருக்கல் 200 பெருக்கல் 200, எண்பது லட்சம். அதாவது மூணே எட்டுல எண்பது லட்சத்துல ஒருத்தனைப் பிடிச்சுடலாம்! அதுக்காக எல்லா காலத்துக்கும் இண்டெக்ஸ் போடாதீங்க. ஒவ்வொரு இன்ஸர்ட்டுக்கும் எல்லா இண்டெக்ஸையும் திருத்தணும். பத்து நோட்ல ஒரே கணக்கை எழுதற மளிகைக் கடை மாதிரி ஆயிடும்.

இண்டெக்ஸைக் கெடுக்கிற சில்மிஷங்கள் இன்னும் சில. ‘வேர் இயர் ஆஃப் தேதி = 2024’ன்னு காலத்தை ஒரு ஃபங்ஷனுக்குள்ள போட்டுட்டா சாதா இண்டெக்ஸ் உதவாது; ‘2024 ஜனவரி 1லிருந்து 2025 ஜனவரி 1க்கு முன்னாடி வரை’ன்னு எழுதுங்க. போன் நம்பரை எழுத்தா சேமிச்சுட்டு எண்ணா தேடினா மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு ரோவையும் மாத்திப் பார்த்துக்கிட்டே போகும். தேதியை எழுத்தா சேமிக்கிற கொடுமையைப் பத்தி... வேணாம், ‘01-12-2015’ங்கிறது ‘02-01-2014’க்கு முன்னாடி வந்து நிக்கும், நீங்களே அனுபவிங்க.

கேன்டீன் டீ கணக்கு

கிளாஸ்ல 60 பேருக்கு டீ வேணும். ஒருத்தன் கேன்டீன் போய் ஒரு டீ வாங்கிட்டு வர்றான், திரும்பப் போறான், இன்னொரு டீ... இப்படி 60 தடவை போவானா? ஆனா நம்ம கோடு போகுது! முதல்ல ஸ்டூடன்ட் லிஸ்ட்டுக்கு ஒரு குவெரி, அப்புறம் லூப்புக்குள்ள ஒவ்வொரு ஆளோட மார்க்குக்கும் ஒரு குவெரி. மொத்தம் 61. ஒவ்வொண்ணும் வேகமாத்தான் ஓடும், ஆனா போக்குவரத்துச் செலவே கொன்னுடும். ஒரு ஜாயின் போட்டா ஒரே ட்ரிப். ஓ.ஆர்.எம். உபயோகிக்கிற பசங்க கூடுதலா ஜாக்கிரதையா இருக்கணும். அது பின்னாடி எத்தனை குவெரி அனுப்புதுன்னு லாக்கைத் திறந்து பார்த்தா அதிர்ச்சியா இருக்கும். மைஎஸ்க்யூஎல்ல ஸ்லோ குவெரி லாக்னு ஒண்ணு உண்டு. அதுல ‘ஸ்லோ’ன்னா 10 செகண்ட்னு செட் பண்ணித்தான் தருவாங்க. 10 செகண்ட் எல்லாம் யுகம்! 1க்கு மாத்துங்க.

செட்டிங்ஸ்னு பேச்சு வந்ததால... நிறைய பேர் டியூனிங்னாலே நெட்ல தேடி 40 பாராமீட்டரை மாத்துறது்னு நினைக்கிறாங்க. என் கட்சி அது இல்ல. குவெரியும் இண்டெக்ஸும் சரியானா நூறு மடங்கு கூட வேகம் கிடைக்கும். செட்டிங்ஸ்ல அந்த அளவு அபூர்வம். ரெண்டு மட்டும் பாருங்க. மைஎஸ்க்யூஎல்ல ‘பஃபர் பூல்’ ஆரம்பத்துல 128 எம்.பி.தான், டேட்டாபேஸுக்குன்னே ஒதுக்கின சர்வர்னா ராம்ல பாதிக்கு மேல கொடுக்கலாம். போஸ்ட்கிரெஸ்ல ‘ஷேர்டு பஃபர்ஸ்’, அதுவும் சாதாரணமா 128 எம்.பி.; கால்வாசி ராம் கொடுத்து ஆரம்பிக்கிறது வழக்கம். அடுத்தது கனெக்ஷன். மைஎஸ்க்யூஎல் 151, போஸ்ட்கிரெஸ் 100ன்னு வரும். ‘டூ மெனி கனெக்ஷன்ஸ்’ எரர் வந்ததும் 5,000ன்னு மாத்திடாதீங்க. கவுன்ட்டரைக் கூட்டினா க்யூ குறையும்தான், ஆனா உள்ள உக்காந்து எழுதற கிளார்க் நாலு பேர்தானே? ‘கனெக்ஷன் பூல்’ போட்டு 10, 20 கனெக்ஷனையே மாத்தி மாத்தி உபயோகிச்சாப் போதும்.

தமிழ்ல டேட்டா வெக்கிறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. ‘தாம்பரம்’ங்கிறது நமக்கு அஞ்சு எழுத்து. யூனிகோடுக்கு எட்டு, ஏன்னா துணைக்காலும் புள்ளியும் தனித்தனி. யூ.டி.எஃப்.-8ல ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 24 பைட். பழைய ‘லாட்டின்1’ டேபிள்ல போட்டா வரிசையா கேள்விக்குறிதான் வரும், ‘யூ.டி.எஃப்.8எம்.பி.4’ வைங்க. இன்னொரு தமாஷ், யூனிகோடு வரிசை நம்ம அகர வரிசை இல்ல. அதுல ந பக்கத்துல ன, ர பக்கத்துல ற உக்காந்திருக்கும். வெறும் பைனரி வரிசையில ‘ஆர்டர் பை’ போட்டா அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைப் பார்த்து தமிழ் அம்மா முறைப்பாங்க. தமிழுக்கான கொலேஷன் இருக்கான்னு பார்த்து அதைத் தேர்ந்தெடுங்க.

49 சென்டிமீட்டர்

வேகம் எல்லாம் சரி. டேட்டாவே போயிட்டா?

2015 டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள்ள அடையாறு வந்த ராத்திரி அது. தரைத்தளத்துல சி.பி.யூ.வும் அதே மேஜை டிராயர்ல பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தா, ரெண்டும் சேர்ந்துதான் தண்ணியில போகும். ஒரே கட்டடத்துல இருக்கிறது பேக்கப் இல்ல, ஜெராக்ஸ். ஒரு காப்பியாவது வேற ஊர்ல, அல்லது கிளவுட்ல.

சரி, பேக்கப் எடுத்தாச்சு, நிம்மதியா? 2017 ஜனவரி 31. ‘கிட்லேப்’ கம்பெனியில ராத்திரி வேலை பார்த்துக்கிட்டிருந்த ஒரு இன்ஜினீயர், துணை சர்வர்ல அழிக்க வேண்டியதை மெயின் சர்வர்ல அழிச்சிட்டார். சுதாரிச்சு நிறுத்தறதுக்குள்ள 300 ஜி.பி. அளவு டேட்டாவுல மிஞ்சினது 4.5 ஜி.பி. அவங்ககிட்ட அஞ்சு விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தது. ஒண்ணும் நம்பும்படியா வேலை செய்யல! பேக்கப் எடுக்கிற டூல் பழைய வெர்ஷன், டேட்டாபேஸ் புது வெர்ஷன். அதனால பேக்கப் தினமும் ஃபெயில் ஆகிக்கிட்டிருந்திருக்கு, யாருக்கும் தெரியல. அதிர்ஷ்டவசமா, அதே இன்ஜினீயர் ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி வேற வேலைக்காக எடுத்து வெச்ச ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. நடுவுல அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். மீட்புப் பணியை யூட்யூப்ல லைவா காட்டினாங்க, அந்த ஆளைப் பலிகடா ஆக்கல. அதுக்கு ஒரு சல்யூட்.

அப்புறம் கரன்ட். கமிட் அடிக்கிற நேரம் பார்த்து பவர் போச்சுன்னா பாதி மாறின டேட்டாவை என்ன பண்றது? மாத்தறதுக்கு முன்னாடியே ‘இதை இப்படி மாத்தப் போறேன்’னு ஒரு லாக்ல எழுதி வெச்சுட்டா, கரன்ட் வந்ததும் அதைப் படிச்சு முடிச்சதைத் திரும்பச் செய்யலாம், முடியாததை அழிக்கலாம். இதுக்கு உலகம் முழுக்கப் படிக்கிற வழிமுறைக்குப் பேர் ‘ஏரிஸ்’. 1992ல வந்த அந்த ஆய்வுக் கட்டுரையோட முதல் பேர் சி.மோகன். ஐ.பி.எம்.ல இருந்தவர், படிச்சது நம்ம கிண்டி பக்கத்து ஐ.ஐ.டி. மெட்ராஸ். அதுவும் கெமிக்கல் இன்ஜினீயரிங்! மெக்கானிக்கல், சிவில் மக்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். நம்ம பாடப் புத்தகத்துல சில்பர்ஷாட்ஸ், கோர்த் கூட மூணாவதா வர்ற சுதர்சனும் அதே காம்பஸ்தான். அட்டையில பசு மாடு போட்ட இன்னொரு புகழ்பெற்ற புத்தகத்தோட ரகு ராமகிருஷ்ணனும் அதே காம்பஸ்தான். தாம்பரத்துலேர்ந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல கிண்டி அரை மணி நேரம்கூட ஆகாது. இவ்வளவு பக்கத்துல படிச்ச ஆட்கள் எழுதினதையா பயந்துக்கிட்டு கைடு வாங்கிப் படிக்கிறோம்?

இந்த சனிக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. உங்க ப்ராஜெக்ட் டேட்டாபேஸை டம்ப் எடுங்க. மைஎஸ்க்யூஎல்னா ‘சிங்கிள் டிரான்ஸாக்ஷன்’ ஆப்ஷனை மறக்காதீங்க, எடுக்கும்போது நடுவுல டேட்டா மாறினாலும் கணக்கு குழம்பாது. அந்த ஃபைலை பென் டிரைவ்ல போட்டு, உங்க ப்ராஜெக்ட்டுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு ஃப்ரெண்டோட லேப்டாப்புல ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. ரோ எண்ணிக்கை சரியா இருக்கான்னு எண்ணுங்க. எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு ரெக்கார்டு நோட்ல தேதியோட எழுதி வைங்க. வைவால “பேக்கப் இருக்கா?”ன்னு எக்ஸ்டர்னல் கேட்டா, “இருக்கு சார், திரும்பக் கொண்டு வர பதினோரு நிமிஷம் ஆகுது”ன்னு நம்பரோட சொல்லிப் பாருங்க... அடுத்த கேள்வி கேக்குறதுக்கு அவர் ஒரு மடக்கு தண்ணி குடிப்பார்!